சீனி வேர்த்த காலனி

மருந்து சாப்பிட ஆரம்பிச்ச இருபத்தோராம் நாளு, வெயிலு பாத்தியில நல்லா எறங்கின பொறவு, என் தங்கச்சி செல்லக்கனிக்கு வேர்வையில சீனி விட்டுச்சு. நான் பக்கத்துப் பாத்தியில பலகையப் போட்டு உப்பு வாரிக்கிட்டு நிக்கேன். "அக்கா, கழுத்தெல்லாம் பிசுபிசுங்குது, என்னன்னு பாரு"ன்னா. பாத்தேன். உப்பளத்துக்காரிக்கு வேர்வை காஞ்சா தோலுல வெள்ளையா உப்புப் படியும், அது வழக்கம்தான். இவளுக்குப் படிஞ்சிருந்தது கொஞ்சம் பருமனா, கண்ணாடித் தூளு மாதிரி மினுங்கிச்சு. நகத்தால சுரண்டி நாக்குல வெச்சேன். "சீனிட்டி"ன்னேன். "சரி, நீ வேலையப் பாரு, கங்காணி பாக்கான்"ன்னுட்டுக் குனிஞ்சா. நாங்க ரெண்டு பேரும் அதுக்குப் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

நான் அன்னக்கனி. எங்க வெள்ளாங்கரைக் காலனி தூத்துக்குடிக்குத் தெக்க, அளத்த ஒட்டி இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆளுக்காவது சுகர் உண்டு. உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலு வெடிக்கும், வெடிச்ச காலு சுகர்காரிக்கு ஆறாது, ஆறாத காலோட மறுநாளும் அதே உப்புல போயி நிக்கணும், நிக்காட்டா அடுப்பு எரியாது. அளத்துல பொம்பள ஒதுங்க ஒரு மறைப்புக் கெடையாது, அதனால விடிஞ்சதுலருந்து வேலை முடியுற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டோம், குடிக்காம இருந்து இருந்து கிட்னியும் போயிரும். நாலு தகரத்த வெச்சு ஒரு மறைப்புக் கட்டிக் குடுங்கன்னு எங்க அம்மா காலத்துலருந்து மனு குடுக்கோம். ஒரு பய எட்டிப் பாக்கல. எங்க ரத்தம் வேணும்னு ஆனப்ப மட்டும் ஏசி வண்டி காலனிக் கொழாயடி வரைக்கும் வந்து நிக்குது பாத்துக்கிடுங்க.

வந்தவரு டாக்டர் நெவின். சின்ன வயசு, பேச்சுல மரியாதை, அவரக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லத்தான் போறேன். கம்பெனிக்காரன் சுகருக்குப் புது மருந்து கண்டுபிடிச்சிருக்கானாம், மொதக் கட்டமா எங்க காலனி ஆளுகளுக்குக் குடுத்துப் பாக்கப் போறானாம், சேர விருப்பப்பட்டவங்க கையெழுத்துப் போடலாம்னாரு. படிவம் பதினெட்டுப் பக்கம். அறுபத்திநாலு பேரு சேந்தோம். "பாதிப் பேருக்கு நெச மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்க மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது"ன்னாரு. எங்க தெருவுல மூத்தவ லூர்தக்கா, "தெரியாமலா சாரு மருந்து குடுக்க வந்தீங்க?"ன்னு கேட்டா, எல்லாரும் சிரிச்சுட்டோம். அவரும் சிரிச்சாரு. தெரியாம இருந்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு நேர்மையாத் தெரியுமாம். நேர்மையாம். அந்த வார்த்தைய நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

செல்லக்கனி எதுக்குச் சேந்தான்னு சொல்லிருதேன், அதான் இந்தக் கதைக்கே உசுரு. அவ எடது கால்ல பெருவிரலுக்குக் கீழ ஒரு புண்ணு, எட்டணா அகலம், பதினோரு மாசமா ஆறல. பெரியாஸ்பத்திரியில, "இப்படியே போனா அடுத்த தடவை காலத்தான் எடுக்கணும்"னு சொல்லிவிட்டுட்டாங்க. புருசன் விட்டுட்டுப் போயி ஒம்போது வருசம், வேலை செஞ்சு திங்கிறவ, உப்பளத்துல ரெண்டு காலும் ஊணி நின்னாத்தான் அவளுக்குச் சோறு. அந்தக் காலு நிக்கணும். அது ஒண்ணுக்காகத்தான் அவ பதினெட்டாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டா. அவ போட்டதால, சுகர் எனக்கும் இருக்கதால, பின்னாலயே நானும் போட்டேன்.

இருபத்தோராம் நாளு செல்லக்கனிக்குச் சீனி வேர்த்துச்சா, மறுநாளு பாத்தா மேலத் தெருவுல ஏழு பேருக்கு வேர்த்துச்சு, அதுக்கு மறுநாளு பதினஞ்சு பேருக்கு, வாரக் கடைசியில எண்ணிப் பாத்தா சரியா முப்பத்திரண்டு பேரு. மருந்து அவங்க ரத்தத்துல இருந்த சீனியப் பூராத் தோலு வழியா வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. மீதி முப்பத்திரண்டு பேருக்கு எப்பவும் போல உப்பு. எனக்கும் உப்புத்தான். யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னு பூட்டிச் சாவியக் கடல்ல போட்ட சங்கதி, எங்க காலனியில கைப்பிள்ளை நாக்குக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு.

உப்பளத்துல எறும்பு வந்து யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? வந்துச்சு. எங்கருந்துதான் மோப்பம் பிடிச்சுதோ, தேரிக்காட்டுச் செம்மண்ணத் தாண்டி, ரோட்டத் தாண்டி, வரப்பு மேல செவப்பா ஒரு கோடு இழுத்த மாதிரி வரிசையா வந்து, உப்பப் பாத்து மொகத்தச் சுளிச்சுக்கிட்டு, செல்லக்கனி கணுக்காலத் தேடிப் போச்சு. பொம்பளைங்க கால்ல மஞ்சளத் தேச்சுக்கிட்டு எறங்கினோம். சேலைக்கு மேல நாங்க போடுற ஆம்பளச் சட்டை வெயில்ல காஞ்சு அப்பளம் மாதிரி வெறச்சு நின்னுச்சு. மொதல்ல துவைச்ச தண்ணியக் கீழ ஊத்தினாளுக, பொறவு வாழைக்கு ஊத்தினாளுக, வாழை என்னமோ குலை தள்ளத்தான் செஞ்சுது. வேலை முடிஞ்சு வந்த ஆத்தாமாரு கழுத்தப் பிள்ளைங்க நக்கிக்கிட்டுத் திரிஞ்சுதுக. புதுசாக் கல்யாணம் கட்டினவளப் பாத்து லூர்தக்கா, "ஏட்டி, ஒன் வீட்டுக்காரனுக்குத் தனியா சுகர் டெஸ்ட் எடுத்துரு"ன்னு கேலி பண்ணுவா, அவ மொகம் செவந்துரும். லோடு ஏத்தின உப்பு இனிக்குதுன்னு ஒரு லாரி திரும்பி வந்துச்சு. கங்காணி மாடசாமி இனிப்பு வேர்க்கிறவளுகளயெல்லாம் கடைசிப் பாத்திக்குத் தள்ளினான், மேட்டுல உப்புக் கொட்டப்போற கூடைய மோந்து பாத்து அனுப்பினான், மத்தபடி நேரத்துக்கு வந்தியா போனியாங்கிறதுதான் அவன் கவலை. கோயில்காரங்க அம்மன் செயல்ன்னாங்க, சர்ச்சுக்காரங்க மாதா செயல்ன்னாங்க, ரெண்டு பேரும் ஒரு நாளு பேசிப் பாத்துட்டு, யாரு செயலா இருந்தாலும் எறும்புக்கு மருந்து அடிக்கணும்னு முடிவு பண்ணினாங்க.

மாசக் கடைசியில டாக்டர் நெவின் படிவத்தோட வந்தாரு. நாப்பத்தியொரு கட்டம். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, கண்ணு மங்குதா, கனவு வருதா, எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருந்துச்சு. செல்லக்கனி முழங்கையில பளபளன்னு சீனி பூத்துக் கெடக்கு, அத அவரு விரலால தொட்டாரு, பாத்தாரு, யாரும் பாக்காத மாதிரித் திரும்பி நின்னு நாக்குல வெச்சாரு. பொறவு கட்டம் கட்டமா மேலருந்து கீழ வரைக்கும் தேடினாரு. இதுக்குன்னு ஒரு கட்டம் இல்ல. "மத்தது"ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல என்ன எழுதினாலும் மெட்ராஸ் கம்பெனி ஆபீஸ்லருந்து நூறு கேள்வி வருமாம். பேனாவக் கொஞ்ச நேரம் பல்லுல கடிச்சுட்டு, 'வேர்வை: வழக்கம்போல'ன்னு எழுதினாரு. கண்ணால பாத்தவரு, நாக்கால ருசிச்சவரு! அன்னைக்கே நான் அந்தப் படிவத்தப் பிடுங்கிக் கிழிச்சிருக்கணும். கிழிக்கல. படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

ஆனா புண்ணு ஆறுச்சு. அத மறைக்க மாட்டேன், நல்ல மருந்து. ரெண்டாம் மாசம் செல்லக்கனி கால்ல ஓரத்துல எளந் தோலு மூடுச்சு, எட்டணா நாலணாவாச்சு. எனக்கு மட்டும் காலு மரத்துக்கிட்டே போச்சு, ஆணி குத்தினது தெரியாம அர நாளு நடந்திருக்கேன், ரத்தத்தப் பாத்து செல்லக்கனிதான் பிடுங்கினா. தெரு ரெண்டுபட்டுப் போச்சு. இனிக்கிறவ வீட்டு வாசல்ல எறும்பு, இனிக்காதவ வீட்டு வாசல்ல பெருமூச்சு. கூடப் பொறந்ததுக பேச்ச நிறுத்திச்சு. கொழாயடியில ஒருத்தி இன்னொருத்தியப் பாத்து, "ஒனக்கென்ன, நீ மருந்துக்காரி"ன்னு கொடத்தத் தூக்கி எறிஞ்சா.

அப்பத்தான் செல்லக்கனி சொன்னா, "கூறு போட்டுருவோம்"னு.

எங்க காலனியில கெடா அடிச்சா யாரும் எடை போட மாட்டோம். ஓலைப்பாய விரிச்சு, தலைக்கட்டுக்கு ஒரு கூறா வைப்போம். எல்லாக் கூறுலயும் ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு கொழுப்பு, ரெண்டு எலும்பு, கறி. பொறவு ஒருத்தி பாய்க்கு முதுகக் காட்டி நிப்பா, இன்னொருத்தி ஒரு கூறத் தொட்டு, "இது யாருக்கு?"ன்னு கேப்பா, நிக்கிறவ பாக்காமலே ஒரு பேரச் சொல்லுவா. அவ வாயில வந்த பேருக்கு அந்தக் கூறு. பெரியவன் சின்னவன் கெடையாது, சாமியே வந்து வரிசையில நின்னாலும் ஒரு கூறுதான்.

"வாய மூடுட்டி சனியனே, ஒனக்குத்தான் புண்ணு ஆறிக்கிட்டு வருதே, ஒனக்கெதுக்கு இந்த வேலை?"ன்னு நான் வஞ்சேன். "என் காலு ஆறும்போது ஒன் காலு மரத்துப் போவுதே, அத நான் எந்தக் கண்ணால பாத்துக்கிட்டு இருக்க?"ன்னா. "ஒன் பங்கு மருந்து பாதியாயிரும்." "ஆனா என்ன? மெள்ள ஆறட்டும்." அவ பிடிச்சா பிடிதான். எனக்கு ஆசை இல்லாம இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், வாய்தான் வேண்டாம்னுச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல ஓலைப்பாய விரிச்சோம். இனிக்கிறவளுக அந்த மாசத்து மாத்திரை டப்பாவெல்லாம் ஒரு குமியல், இனிக்காதவ டப்பாவெல்லாம் ஒரு குமியல். கூறுக்குப் பதினஞ்சு நெச மாத்திரை, பதினஞ்சு மாவு மாத்திரை, அறுபத்திநாலு கூறு. லூர்தக்கா முதுகக் காட்டி நின்னு அறுபத்திநாலு பேரு பேரையும் சொன்னா. மாசாமாசம் டப்பா வந்ததும் இதே மாதிரிதான். மாவு மாத்திரைய எதுக்குத் திங்கணும், தூக்கிக் கடல்ல போடுவோம்னு ஒருத்தன் கேட்டான். "எல்லாத்தையும் சாப்பிடுவோம்னு டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கோம்லே"ன்னு அவன் வாய அடைச்சோம். பாத்துக்கிடுங்க, நாங்க ஏமாத்தல. கம்பெனிக்காரன் குடுத்த மாத்திரையில ஒண்ணு விடாமத் தின்னோம். ஒத்தப்படை நாளு மருந்து, ரெட்டப்படை நாளு மாவு, காலனி பூராவும் ஒண்ணு போல.

அதுலருந்து எங்க ஊரு ஒரு நாளு சீனி வேர்த்துச்சு, மறுநாளு உப்பு வேர்த்துச்சு. எறும்புகூட நாளு கணக்குப் படிச்சுக்கிட்டு ஒத்தப்படையில மட்டும் வந்துச்சு. பொண்ணு பாக்க வாறவங்கள உப்பு நாளாப் பாத்து வரச் சொன்னோம். லாரிக்காரனும் உப்பு நாளாப் பாத்து லோடு ஏத்தினான். கொழாயடிச் சண்டை நின்னுச்சு. எனக்கு உள்ளங்காலுல திரும்பக் குறுகுறுன்னு உணர்வு வந்துச்சு, கல்லு குத்தினா வலிச்சுது, வலிச்ச அன்னைக்கு நானும் செல்லக்கனியும் வரப்புல உக்காந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே! அவ புண்ணு மெள்ளத்தான் மூடுச்சு, ஆனா மூடிக்கிட்டு வந்துச்சு. நாலணா சுருங்கிச் சுருங்கி ஏழாம் மாசம் மொளகு அளவுக்கு நின்னுச்சு. இன்னும் ஒரே ஒரு மாசம்.

அந்த மாசம்தான் மெட்ராஸ்லருந்து ஒருத்தரு வந்தாரு. இஸ்திரி கலையாத சட்டை, கையில சீல் வைக்கிற பெட்டி. சமுதாயக் கூடத்துல எல்லாரையும் உக்கார வெச்சு, "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி. ஆராய்ச்சி முடிஞ்சது. மருந்து சாப்பிட்டவங்களுக்கும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சுகர் எறங்கியிருக்கு. அதனால இந்த மருந்து பிரயோஜனமில்லன்னு கம்பெனி நிறுத்துது. மிச்சம் இருக்க டப்பாவத் திருப்பிக் குடுங்க"ன்னாரு.

நான்தான் எந்திரிச்சேன். "அய்யா, வித்தியாசம் எப்படி இருக்கும்? நாங்க கூறு போட்டுல்ல தின்னோம்"னேன். சொன்னேன், பாய விரிச்சதுலருந்து லூர்தக்கா முதுகு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். டாக்டர் நெவின் அவரு பக்கம் திரும்பி, "அப்ப பாதி மருந்துலயே அறுபத்திநாலு பேருக்கும் எறங்கியிருக்கு சார். மருந்து வேலை செய்யுது"ன்னாரு.

மெட்ராஸ்காரரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "உங்களுக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. ஆனா பேப்பருக்குத் தெரியாதே. இது விதிமீறல். இந்த அறுபத்திநாலு பேரையும் ஆராய்ச்சிக் கணக்குலருந்து எடுத்துற வேண்டியதுதான்."

"பேப்பரா வந்து உப்புல நிக்குது?"ன்னு கத்தினேன். "எங்க ஒடம்பு மேல சீனி பூத்துக் கெடந்துச்சே, அத ஒரு எடத்துல எழுதினீங்களா? ஒரு கட்டம் போட்டீங்களா? பாதிப் பேருக்கு மாவக் குடுத்து, பக்கத்துல இருக்கவ ஆறுறத வேடிக்கை பாருன்னு உக்கார வெச்சது விதி, அதப் பாக்க மாட்டாமப் பங்கு போட்டது விதிமீறலா? அட வெளங்காதவனுகளா!" நாங்க பேசப் பேச, மெட்ராஸ்காரரு எங்க பேரு எழுதின தாளுல அடிக்கோலு வெச்சு ஒவ்வொரு பேரா அடிச்சாரு. கோணாம, நேரா அடிச்சாரு. செல்லக்கனி பேரையும் அடிச்சாரு.

அவ முன்வரிசையில காலு நீட்டி உக்காந்திருந்தா. "அய்யா, ஒரு டப்பா மட்டும் குடுத்துட்டுப் போங்க. இன்னும் மொளகு அளவுதான் இருக்கு, பாருங்க"ன்னு காலத் தூக்கிக் காட்டினா. என் தங்கச்சி எவன்கிட்டயும் கை நீட்டாதவ, நீட்டினா. நெவினும் கேட்டாரு, "சார், ஒரு டப்பா, என் பொறுப்பு"ன்னு. அந்த மனுசன் அந்தக் காலக் குனிஞ்சு பாத்திருந்தா எனக்கு இவ்வளவு கோவம் இருக்காது. அவரு பெட்டிக்குள்ள டப்பாவ எண்ணி அடுக்கிக்கிட்டே, "இப்ப நீங்க இந்த ஆராய்ச்சியிலயே இல்லம்மா. இல்லாத ஆளுக்கு நான் எப்படி மருந்து தர முடியும்?"ன்னாரு. சீல் வெச்சாரு. கதவு வரைக்கும் ஓடினேன், சட்டையப் பிடிச்சேன், ஆம்பளைங்க என்னை இழுத்தானுக. ஏன் இழுத்தீங்கன்னு இன்னைக்கும் அவனுககிட்டச் சண்டை போடுதேன்.

மூணு நாளுல காலனிக்குத் திரும்ப உப்பு வேர்த்துச்சு. எறும்பு ஒரு வாரம் வந்து வந்து பாத்துட்டு நின்னுபோச்சு. மொளகு நாலணாவாச்சு, நாலணா உள்ளங்கை அகலமாச்சு, விரலு கறுத்துச்சு. கம்பெனி ஆபீசுக்குப் போனா, "இப்படி ஒரு பேரே எங்ககிட்ட இல்லியே"ன்னு வாசல்லயே சொல்லி அனுப்பினாங்க. சித்திரை மாசம் பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. எனக்குக் குடுத்த பாதி மருந்தையும் அவளே தின்னிருந்தா ரெண்டு மாசம் முந்தியே ஆறியிருக்கும், அத யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அன்னன்னைக்கு நான் சாப்பிடும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் சாப்பிடுதேன்.

ஒண்ணரை வருசம் கழிச்சு டாக்டர் நெவின் வந்தாரு. வேலைய விட்டுட்டாராம், ஏசி வண்டி இல்ல, பைக்குல வந்தாரு. செல்லக்கனி கட்டில்ல உக்காந்து மீனு ஆஞ்சுக்கிட்டு இருந்தா, நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். வாங்க சாருன்னு அவதான் சொன்னா, நான் சொல்லல. கட்டில் ஓரமா நின்னு சொன்னாரு. அதே மருந்த வேற ஊருல திரும்பக் குடுத்துப் பாத்தாங்களாம். இந்தத் தடவை ஆள நல்லாத் தேடிப் பாத்துத்தான் எடுத்தாங்களாம், பெரிய பெரிய அடுக்குமாடி வீடு, பக்கத்துக் கதவுக்காரன் பேரு தெரியாத ஜனம். ஏசியில இருக்கதால அங்க யாருக்கும் வேர்க்கலியாம், சீனி சங்கதியே வெளிய வரல. வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு. மருந்து கடைக்கு வந்தாச்சாம்.

செல்லக்கனி மீனக் கீழ வெச்சா. "அங்கயும் பாதிப் பேருக்கு மாவுதானா சாரு?"

"ஆமா."

"அவங்கள்ல புண்ணு இருந்தவங்க எத்தன பேரு?"

தெரியலன்னு தலைய ஆட்டினாரு.

"மருந்து வாங்கினவ ஒருத்திகூடவா பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாதி குடுக்கல?"ன்னு கேட்டா.

நான் அரிசிச் சட்டிய நங்குன்னு கீழ வெச்சேன்.

"குடுக்கலட்டி. குடுக்காததாலதான் மருந்து பாசாச்சு"ன்னேன்.